பாண்டிக் கட்டமும் டென்னிஸ் நெட்டும்

ஜூன் 16, திங்கள்

லீவு முடிந்து கோர்ட்டுக்குப் போனால் நெட் நடுவில் நாலு விரல்கடை தொங்குகிறது. டேப் கிடைக்கவில்லை. ஒரு ராக்கெட்டை நிற்கவைத்து, அதன் உச்சியில் இன்னொன்றின் தலையை அகலவாட்டில் வைத்தால் ஏறக்குறைய 36 அங்குலம் வரும். நடுவில் இருக்க வேண்டிய உயரம் அதுதான், 3 அடி. துருப்பிடித்த கைப்பிடியை ரெண்டு பையன்கள் தொங்கிச் சுற்றினார்கள். கம்பி இறுகியதும் இப்போது நடு அளவுக்கு மேல் தூக்கிக்கொண்டது! கீழே இழுத்துப் பிடிக்கும் பட்டை இற்றுப்போயிருந்தது. என் பழைய பெல்ட்டைக் கட்டி இறக்கினேன். ஒரு பீரியட் காலி.

ஜூன் 18, புதன்

இன்று என் தப்பு. முதல் நாளே மஞ்சள் பந்தை எடுத்து ஏழாம் வகுப்புக்கு வாலி, அதாவது பந்து தரையில் படுமுன்பே அடிப்பது, சொல்லித்தரப் போனேன். ஒரு பையன் பயந்து முகத்தைத் திருப்ப, பந்து ராக்கெட் விளிம்பில் பட்டு உதட்டைக் கிழித்துவிட்டது. சாயங்காலம் அவன் அம்மா வந்தார். "பையன் வெளையாடட்டுங்க சார், வேண்டாங்கல. கொஞ்சம் பாத்துப் போடுங்க." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 23, திங்கள்

ஆரஞ்சு பந்துக்கு மாறியாச்சு. வேகம் பாதிதான். ராக்கெட்டையும் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டேன். நெட்டுக்கு ரெண்டு எட்டு பின்னால் நின்று, வரும் பந்தை முகத்துக்கு முன்னால் கையால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் கை வீசவே இடமில்லாத அடி வாலி என்பது பிடித்துப் பார்த்தால்தான் புரிகிறது.

ஆனால் கோளாறு கையில் இல்லை, காலில். "முன்னால வா" என்றால் ஓடிவருகிறார்கள், நிற்பதில்லை. எதிரே அடிக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பந்து வலப்பக்கம் போனால் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. எதிராளியின் ராக்கெட் பந்தைத் தொடும் நேரத்தில் சின்னதாக ஒரு குதி குதித்து, ரெண்டு காலும் தோள் அகலத்துக்கு ஊன்றியிருக்க வேண்டும். 'ஸ்ப்ளிட் ஸ்டெப்' என்று பத்து தடவை சொன்னேன். தவளை மாதிரி குதித்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு பெண், "பாண்டியில நொண்டியடிச்சுப் போயி ரெண்டு காலையும் ஊனுவோமே, அதுங்களா சார்?" என்றாள். அதேதான்! சுண்ணக்கட்டியால் சர்வீஸ் கோட்டிலிருந்து நெட் வரை கட்டம் போட்டேன். அந்த 21 அடியில் மூன்று இடத்தில் 'ஊனு' கட்டம். நான் பந்தைத் தட்டும் சத்தம் கேட்டதும் அதில் விழ வேண்டும். முழங்கால் மடங்கி, குதிகால் லேசாகத் தூக்கி, மூக்கு பாதத்துக்கு நேரே. பதினைந்து வருஷமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

மழை. வகுப்பறையில் அந்தக் கால டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் கதை: 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி, மிரட்டும் சர்வீஸ் இல்லாமல், நயமான கையை வைத்தே. "அல்கராஸ் மாதிரிங்களா சார்?" என்று இந்தக் கால ஆட்டக்காரரைச் சொன்னது ஒரு குரல். சரி, அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 2, புதன்

ராக்கெட் திரும்ப வந்தது. சுத்தியல் பிடிக்கிற பிடி. ஒருத்தன் அருமையாக ஒரு வாலி வைத்தான். வந்த வேகத்தில் நிற்க முடியாமல் நெட்டில் சாய்ந்தான். பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்ததால் பாயிண்ட் எதிராளிக்கு. "உள்ளதான சார் விழுந்துச்சு?" அரை மணி நேரப் பஞ்சாயத்து. ஏன் ஊன்றி நிற்க வேண்டும் என்பதை, நான் குதித்துக் காட்டியதைவிட அந்த ஒரு பாயிண்ட் நன்றாக விளக்கிவிட்டது.

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் கோர்ட்டில்தான் முடிகிற மாதிரி. தலைக்கு மேலே உயரத் தூக்கி அடிக்கும் லாப் எல்லாம் வேலி தாண்டுகிறது. நெட் பக்கம் வருகிறவனுக்குத்தான் இன்று லாபம்.

உதடு கிழிந்த பையன் தானாக முன்னால் வந்தான். கட்டம் அழிந்துபோய் ரெண்டு வாரம் ஆகிறது. அவன் கால் அதே இடத்தில் விழுந்தது. பந்து வரும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அடித்தும்விட்டான். நாளைக்குக் கண்.