மரபணு சோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம்

அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. விடாத இருமலுக்காகச் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனவருக்கு எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்தது. அப்புறம் சிடி ஸ்கேன், பயாப்சி. நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம் என்றார்கள்.

உடனே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று நாங்கள் துடித்தோம். டாக்டரோ கட்டியின் மரபணு சோதனை முடிவு வரட்டும் என்றார். அந்த நாட்களைக் கடத்தியதுதான் பெரும்பாடு. "அதற்குள் பரவிவிடாதா? இம்யூனோதெரபியையாவது ஆரம்பிக்கலாமே" என்று அண்ணன் கேட்டார். உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் சிகிச்சைதான் இம்யூனோதெரபி. டாக்டர் அவசரப்படாமல் விளக்கினார். புகைபிடிக்காத ஆசியர்களின் நுரையீரல் புற்றுநோயில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. அது இருந்தால் இம்யூனோதெரபி பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதைக் கொடுத்த கையோடு அந்த மாற்றத்துக்கான மாத்திரைக்கு மாறினால், நுரையீரலில் கடும் அழற்சி வரும் ஆபத்தும் கூடும். இதைக் கேட்ட பிறகுதான் எங்களால் பொறுத்திருக்க முடிந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால், மரபணு சோதனை செய்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.

அம்மாவுக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தது. ஓசிமெர்டினிப் 80 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. இது நோயை அடக்கி வைக்கும், அடியோடு அழிக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஃபிளாரா என்ற ஆய்வில் பழைய மாத்திரைகள் நோயை முன்னேறவிடாமல் வைத்திருந்த காலம் நடுமதிப்பாக 10.2 மாதம், இதற்கு 18.9 மாதம். மூளைக்குப் பரவிய கட்டிகளிலும் இது வேலை செய்கிறது.

செலவுக்கு மருத்துவ சமூக ஊழியர் வழிகாட்டினார். 2022 செப்டம்பரிலிருந்து, புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் நாட்டின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது. மாத வரம்பு மருந்துக்கு மருந்து மாறும். முதல் மருந்துச்சீட்டுக்கு முன்பே சமூக ஊழியரைப் பார்த்துவிடுங்கள்.

இருமல் குறைந்து அம்மா இரவில் படுத்துத் தூங்கியபோது எங்களுக்கு உயிர் வந்தது. வயிற்றுப்போக்கும் தோல் வறட்சியும் சமாளிக்கக்கூடியவையாக இருந்தன. நகக்கண்ணில் வந்த புண்தான் படுத்தியது. பாத்திரம் கழுவக் கையுறை போடச் சொன்னார் தாதி. அத்தை தேக்காவிலிருந்து வாங்கி வந்த மூலிகைப் பொடியை மருந்தாளரிடம் காட்டினோம். மாத்திரையின் வேலையைக் கெடுக்கலாம், வேண்டாம் என்றார். அத்தைக்கு வருத்தம்தான்.

மாத்திரைக்கு நோய் அடங்காமல் போனால் மறுபடி மரபணுவைப் பார்க்க வேண்டும், சிலருக்கு இரத்தத்திலேயே அது தெரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த ஸ்கேன் தீபாவளிக்குப் பிறகு.