14 அட்டையிலும் ‘பிரவுண், ஊர் நாய்’

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டில் 14 நாயும் 6 பூனையும் வைத்திருந்தேன். எல்லாம் எடுத்து வளர்க்க ஆள் கிடைக்காதவை. கண் தெரியாத மணி, காலி வீதியில் கார் அடித்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ராணி, மூன்று கால்காரர்கள் இருவர், மற்றவை கிழடுகள். 2006இல் அரசு தெரு நாய்களைக் கொல்வதை நிறுத்தியது எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் உயிர் தப்பிய கிழடுகளுக்குப் போக்கிடம் வேண்டுமே.

வீட்டுக்காரர் மூன்று மாதம் அவகாசம் தந்தார். களனிவெளி ரயில் பாதைப் பக்கம் ஒரு ரப்பர் காணியில் அரை ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. குத்தகை எழுதியது, வேலி அடித்தது எல்லாம் சுகமாக முடிந்தன.

நாய்கள் போகும் முன்பே அந்தப் பகுதி அரசு அலுவலகத்துக்கு எங்களுக்கு எதிராக மனு போய்விட்டது. கொழும்பிலிருந்து விசர் நாய்களைக் கொண்டுவருகிறார்கள் என்று அயலவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நாய்க்கும் தடுப்பூசி அத்தாட்சியும், அயலவர்களுக்கு ஆட்சேபனை இல்லை என்ற கடிதமும் வேண்டும் என்றது அலுவலகம்.

முதல் தடவை போனபோது அதிகாரி வெளி வேலையில். அரை நாள் லீவு வீண். தொலைபேசியில் கேட்காமல் போகாதீர்கள்.

இரண்டாம் தடவை லிகிதர் என் 14 அட்டைகளையும் மேசையில் பரப்பினார். “மிஸ், இதில எது எந்த நாய்?” நான் குனிந்து பார்த்தேன். இலவச ஊசி முகாம்களில் அவசரமாக எழுதிக் கொடுத்த அட்டைகள். எல்லாவற்றிலும் ‘பிரவுண், ஊர் நாய்’. ஒன்றில் ராணியை ஆண் என்று எழுதியிருந்தது. மூன்றில் ஒரு வருடம் கடந்துவிட்டது, மறு ஊசி போடவே இல்லை. இருட்டில் மூச்சுச் சத்தத்தை வைத்தே யார் என்று சொல்லிவிடுவேன், அட்டையை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்புறம் கொழும்பில் எங்கள் மிருக வைத்தியர்தான் வழி சொன்னார். ஒவ்வொரு நாயையும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு படம். காது வெட்டு, தழும்பு, இல்லாத கால் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, படத்தின் மேலும் பக்கத்தின் மேலுமாக விழும்படி முத்திரை. தவறிய மூன்றுக்கும் ஊசி. இரண்டு மாலை போனது. நாய் வந்த அன்றே இதைச் செய்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

மூன்றாம் தடவை, என் கடிதம் தமிழில் இருக்கிறது, சிங்களத்தில் எழுதி வாருங்கள் என்றார்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. சண்டை பிடித்திருக்கலாம், பிடிக்கவும் வேண்டும். ஆனால் வீட்டுக்காரரின் தவணை முடிய 19 நாள்தான் இருந்தது. எழுதுவித்துக் கொடுத்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

நான் விட்ட பெரிய பிழை, அயலவர்களிடம் கடைசியாகப் போனது. பக்கத்து வளவு ஆச்சி வீட்டுக்கு மணியைக் கயிற்றில் கூட்டிப் போனேன். அவன் பூச்சாடியில் முட்டி நின்றான். ஆச்சி கிட்ட வந்து, தானே அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். “துவே (மகளே), இவனுக்குப் பல்லே இல்லையே!” பிறகுதான் உண்மையான பயத்தைச் சொன்னார். விசர் அல்ல, கிணறு. அத்தனை நாயின் மலமும் எங்கே போகும்? மழை பெய்தால் கிணற்றுக்குத்தானே வரும்? மனுவில் அந்த வார்த்தையே இல்லை. காணியின் தாழ்ந்த பக்கத்தில், கிணற்றிலிருந்து தள்ளி, மூடி போட்ட குழி வெட்டி அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அன்றே கையெழுத்து. மற்ற மூன்று வீட்டுக்கும் அவரே என்னைக் கூட்டிப் போனார்.

நான்காம் தடவை முத்திரை விழுந்தது.

நாய்களை விடியற்காலையில், வெயில் ஏறும் முன், லொறியில் நான்கு நான்காகக் கொண்டுபோனோம். ராணி என் மடியில். அவளுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுக்க வேண்டும், அதனால் அவளைத் தனியே விட முடியாது. பூனைகள் இன்னும் வெள்ளவத்தையில், ஒரு தோழி வீட்டில். வலை அடித்த அறைக்கு இரட்டைக் கதவு போட்ட பிறகுதான் கொண்டுவருவேன். ஒற்றைக் கதவென்றால் ஒரு நொடியில் ரப்பர் காட்டுக்குள் போய்விடும்.

அடுத்த ஊசி பெப்ரவரியில், 14 பேருக்கும் ஒரே நாளில். அந்தத் தேதியை ஆச்சி வீட்டுக் கலண்டரிலும் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.