'தொடரும்' என்று போட்ட காலம்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 6, 2025

நேற்று ராத்திரி 'விடாது கருப்பு' ஆரம்பித்தேன். கவிதாலயாவின் யூடியூப் பக்கத்தில் முழுசாக இருக்கிறது. 90களின் பின்பாதியில் சன் டிவியில் 'மர்மதேசம்' என்ற பொதுத் தலைப்பில் வந்த தொடர்களில் இது இரண்டாவது. முதலாவது 'ரகசியம்'. இரண்டுக்கும் எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு பாலசந்தரின் மின்பிம்பங்கள்.

படம் மங்கல்தான். இன்றைய அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. ஆனாலும் தோட்டக்காரமங்கலம் என்ற அந்தக் கற்பனை ஊருக்குள் போனதும் பட்டை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. வெள்ளைக் குதிரையில் அரிவாளோடு வந்து தப்பு செய்தவனைத் தண்டிக்கும் கருப்பசாமி. சிறுவன் ராஜேந்திரனின் கதையும், வளர்ந்து நகரத்தில் வாழும் ராஜேந்திரனின் கதையும் மாறி மாறி வருகின்றன. இந்தப் பின்னலை அன்றைக்குப் பாட்டிகள் கூடச் சிரமமில்லாமல் புரிந்துகொண்டார்கள். பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று யாரும் முன்கூட்டியே முடிவு கட்டவில்லை.

நான்கு அத்தியாயம் ஒரே மூச்சில் பார்த்தேன்.

ஜூன் 8

இன்றைக்கும் நாலைந்து ஓடிவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்.

"நிறுத்துடி. அன்னைக்கு இப்படியா பார்த்தோம்? ஒரு வாரம் முழுக்க அந்தக் குதிரை மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கும். இப்படி மொத்தமா முழுங்கினா என்ன ருசி தெரியும்?"

அவள் சொல்வது சரி. இனி வியாழக்கிழமை ராத்திரி ஒரே ஒரு அத்தியாயம், அவள் வீட்டில் அவள், என் வீட்டில் நான். வெள்ளிக்கிழமை காலையில் போனில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் மகளும் சேர்ந்துகொள்கிறாள். அவள் இந்தக் கதையைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவளுக்காக முதலிலிருந்து.

ஜூன் 13

முதல் வியாழன் முடிந்தது. அத்தியாயம் முடிந்ததும் மகளின் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. பிடுங்கி வைத்தேன். "அடுத்தது பக்கத்துலயே இருக்கும்மா, ஏன் பார்க்கக் கூடாது?" என்று கேட்டாள். பதில் சொல்லச் சட்டென்று வரவில்லை. காலையில் அவளே பதில் சொன்னாள், வேறு விதமாக. பல் தேய்த்துக்கொண்டே, "அந்த ஊர்ல குதிரை யார் வீட்டுல இருக்குன்னு முதல்ல பார்க்கணும்" என்றாள்.

இதுதான். 90களில் அத்தியாயம் வந்தது அரைமணி நேரம், அதிலும் விளம்பரம் போக மிச்சம் கொஞ்சம்தான். கதை வளர்ந்தது பஸ்ஸிலும் குழாயடியிலும் வகுப்பிலும். எங்கள் வகுப்பில் கருப்பு சாமிதான் என்று ஒரு கட்சி, மனுஷன்தான் என்று ஒரு கட்சி. மனுஷன் என்றால் யார் என்பதில் மறுபடி ஏழெட்டுப் பிரிவு. வாரம் முழுக்க நடந்த அந்த வாதங்களையும் சேர்த்தால்தான் அது முழுத் தொடர். யூடியூபில் இருப்பது பாதிதான்.

ஜூன் 20

அம்மாவின் டிரங்க் பெட்டியில் பைண்டு செய்த தொடர்கதைகள் இருக்கின்றன. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, கதை முடிந்ததும் மொத்தமாகக் கொடுத்துத் தைத்து அட்டை போட்டு வாங்கியவை. பின்பக்கத்தில் பாதி நறுக்குப்பட்ட துணுக்குகளும் சமையல் குறிப்புகளும் தெரியும். ஓவியங்களுக்காகவே அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டியிருக்கிறேன். அந்தக் காலத்துத் தமிழ் வீடுகளில் இப்படி ஒரு பெட்டி இல்லாத வீடு குறைவு.

இன்று அதைத் திறந்து உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. 90களின் நல்ல தொடர்கள் சினிமாவின் பிள்ளைகள் இல்லை. வாரப்பத்திரிகைத் தொடர்கதையின் பிள்ளைகள். 'தொடரும்' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். ஒரு எழுத்தாளர், வாரத்துக்கு ஒரு பகுதி, ஒரு கொக்கி, கடைசியில் ஒரு நிச்சயமான முடிவு. விகடன், குமுதம், கல்கி வாசகர்கள் மூன்று தலைமுறையாக இந்த ஒழுங்குக்குப் பழகியிருந்தார்கள். கல்கி 1950லிருந்து 1954 வரை ஒரே சரித்திரக் கதையை வாராவாரம் எழுதினார், ஊரே கூடவே வந்தது. வாரம் ஒரு முறை காத்திருப்பது தமிழர்களுக்குத் தொலைக்காட்சி சொல்லிக் கொடுத்தது இல்லை.

தூர்தர்ஷனும் இந்தப் பெட்டியிலிருந்துதான் அள்ளியது. தேவனின் துப்பறியும் சாம்புவுக்குக் காத்தாடி ராமமூர்த்தி உயிர் கொடுத்தார். 80களில் சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' வந்தது. குடிக்கு அடிமையானவனாக ரகுவரன் நடித்தார். அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. ஆனால் அப்பா தொலைக்காட்சியில் எதையும் எழுந்து போகாமல் பார்த்தார் என்றால் அது அதைத்தான் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

'விடாது கருப்பு'ம் இந்திரா சௌந்தர்ராஜன் முன்பே எழுதிய நாவலிலிருந்து பிறந்ததுதான். 'ரகசியம்' அப்படியே. அதாவது முதல் நாள் கேமரா ஓடுவதற்கு முன்பே குற்றவாளி யார் என்பது எழுதியவருக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் தைரியமாகப் பொய்த்தடம் போட முடிந்தது. முடிவு கையில் இல்லாதவரால் மர்மக்கதை எழுத முடியாது. இழுக்கத்தான் முடியும்.

ஜூன் 27

குதிரையைப் பற்றிக் கொஞ்சம். முதலில் குளம்புச் சத்தம், அப்புறம் தூசி, அதற்கும் அப்புறம்தான் உருவம். அவசரமே இல்லை. இரவுக் காட்சிகளில் திரையின் பாதி இருட்டாகவே கிடக்கிறது. பிற்பாடு வந்த தினசரித் தொடர்களில் இரவு பன்னிரண்டு மணிக்கும் கூடத்தில் எல்லா விளக்கும் எரியும். அதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு ஒரு அத்தியாயம் எடுத்தாக வேண்டும் என்றால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றி வைக்க நேரம் ஏது? மொத்தமாக வெளிச்சம் அடித்துவிட்டு எடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். நாகாவுக்கு இருட்டை வைத்துக்கொள்ள நேரம் கிடைத்தது. அந்த இருட்டுதான் இன்றும் பயமுறுத்துகிறது.

இதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னால் நிஜத்திலும் கணவன் மனைவி ஆனார்கள். மகளுக்கு இது தெரிந்ததும் கதையை விட இதில் ஆர்வம் அதிகமாகிவிட்டது.

ஜூலை 1

வியாழனுக்காகக் காத்திருக்க முடியாமல் நடுவில் 'ரமணி வெர்சஸ் ரமணி' பார்த்தோம். அதுவும் நாகாதான். கணவனும் ரமணி, மனைவியும் ரமணி. முதல் பாகத்தில் ராம்ஜி, வாசுகி. இரண்டாம் பாகத்தில் பிருத்விராஜ், தேவதர்ஷினி. யாரையும் தாழ்த்தாமல் சிரிக்க வைக்கும் வீட்டுச் சண்டைகள். சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 5

இன்று பேச்சு தூர்தர்ஷன் பக்கம் போனது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. தனியார் சேனல் என்று சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று. ஆக, 90களில் வளர்ந்தவர்கள் இரண்டு உலகத்தையும் பார்த்தவர்கள்.

தூர்தர்ஷன் தொடர் என்றால் பெரும்பாலும் பதின்மூன்று வாரக் கணக்கு. வருஷத்தில் கால் பங்கு. பிடித்திருந்தால் நீட்டிப்பு கிடைக்கலாம், ஆனால் எழுதுகிறவர் பதின்மூன்றுக்குள் முடிக்கத் தயாராக இருக்க வேண்டும். பாலசந்தர் சின்னத்திரைக்கு வந்தது இந்தக் கட்டத்துக்குள்தான். சினிமாவில் பெரிய பெயர் இருக்கும்போதே இதைக் கீழான இடமாக நினைக்காமல் வந்தார். 'ரயில் சிநேகம்' நினைவிருக்கிறவர்களுக்கு நிழல்கள் ரவியின் முகமும், வி.எஸ். நரசிம்மனின் இசையில் சித்ரா பாடிய பாட்டும் சேர்ந்தேதான் நினைவு வரும். வயலின் கலைஞரான நரசிம்மன் வீணையைச் சுற்றி ஒரு பாட்டு கட்டினார். அக்கா இன்று போனில் முதல் வரியை எடுத்ததும் நான் அடுத்த வரியைப் பாடினேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொல் ஒன்றும் நழுவவில்லை. பிறகு 'பிரேமி'யில் ரேணுகா. நீண்ட வசனத்தை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை பாலசந்தருக்கு இருந்தது.

'ஜூனூன்' பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை மூட முடியாது. இந்தியிலிருந்து டப்பிங் ஆகி வந்த தொடர். உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக வினைச்சொல்லை முன்னால் தூக்கிப் போட்டுப் பேசுவார்கள். "விடமாட்டேன் நான் உன்னை" என்கிற மாதிரி. தமிழ்நாடே அப்படிப் பேசி விளையாடியது. ஆனால் அந்தக் குரல் கலைஞர்களின் வேலையை நான் மதிக்கிறேன். வேற்று மொழி வாயசைவுக்குள் தமிழைத் திணித்து, வில்லன் மேல் பயமும் வரவைப்பது லேசான காரியம் இல்லை.

ஜூலை 18

இன்று அம்மாவோடு சின்ன வாக்குவாதம். 'சித்தி' வந்ததும் எல்லாம் மாறிப்போச்சு என்றேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ராதிகா அந்த சாரதாவா நடிச்சது எனக்கு எவ்வளவு பெரிய துணையா இருந்தது தெரியுமா? நீங்க ரெண்டு பேரும் ஹாஸ்டலுக்குப் போயாச்சு, அப்பா வர்றதுக்குப் பத்து மணி ஆகும்" என்றாள்.

அதை நான் மறுக்கவே மாட்டேன். 1999 டிசம்பர் 20ல் ஆரம்பித்த 'சித்தி', 2001 நவம்பர் வரை ஒன்பதரை மணிக்குத் தெருவையே வீட்டுக்குள் உட்கார வைத்தது. ராதிகா அதில் நடித்தது மட்டும் இல்லை, அவருடைய ராடான் நிறுவனம்தான் தயாரிப்பு. ஒரு பெண் இவ்வளவு பெரிய தயாரிப்பைத் தோளில் சுமந்தது சாதாரண விஷயம் இல்லை.

நான் சொல்ல வருவது வேறு. தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி நேரத்தை வாங்குவார். அந்த நேரத்துக்குள் வரும் விளம்பர இடத்தை விற்றுத் தன் பணத்தை எடுப்பார். வாரம் ஒரு நாள் என்பது வாரம் ஐந்து நாள் ஆனதும், ஓடுகிற தொடரை முடிப்பது என்றால் வருகிற வருமானத்தை நிறுத்துவது என்று ஆகிவிட்டது. அப்புறம் யார் முடிப்பார்கள்? கதைக்கு முடிவு தேவைப்படுகிற இடமும் கணக்குக்கு முடிவு தேவைப்படுகிற இடமும் பிரிந்து போயின. கதாசிரியர்களின் திறமை குறைந்துவிடவில்லை. அவர்களிடமிருந்து கடைசி அத்தியாயத்தைப் பறித்துக்கொண்டார்கள்.

2002ல் வந்த 'மெட்டி ஒலி' இதிலிருந்து தப்பித்தது என்று எனக்குத் தோன்றும். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கவலை தினமும் காட்டினாலும் தீராதது. அது நிஜத்திலும் தீராது. திருமுருகன் அதைப் புரிந்துகொண்டு எடுத்தார். இதை அம்மாவிடம் சொன்னதும் சமாதானம் ஆனாள்.

ஆகஸ்ட் 1

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10ல் மதுரையில் காலமானார். செய்தி வந்த அன்று அக்காவும் நானும் ரொம்ப நேரம் பேசினோம், ஆனால் அவர் எழுத்தைப் பற்றிச் சரியாகப் பேசியது இன்றைக்குத்தான்.

சாமி உண்டா இல்லையா என்ற கேள்வியை அவர் அவசரமாக மூடுவதில்லை. 'ரகசியம்' நவபாஷாண லிங்கத்தைச் சுற்றி நடக்கும். சித்தர் மருத்துவமும் பேராசையும் நம்பிக்கையும் ஒரே கோயிலுக்குள் முட்டிக்கொள்ளும். 'விடாது கருப்பு'விலோ ஊர்க்காரன் சொல்கிற விளக்கமும் படித்தவன் சொல்கிற விளக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வரும். ஒன்று மற்றொன்றைக் கேலி செய்யாது. கிராமத்து ஆட்களை முட்டாள்களாக்கவும் இல்லை, நகரத்து ஆட்களைத் திமிர் பிடித்தவர்களாக்கவும் இல்லை. குலசாமிக்கு இன்றும் பொங்கல் வைக்கிற, அதே சமயம் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுகிற எங்கள் வீட்டு ஆட்களுக்கு இது அச்சு அசலாகப் பொருந்தியது. அதனால்தான் இரண்டு கட்சியும் கடைசி வரை வகுப்பில் சண்டை போட முடிந்தது.

மகள் இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். சந்தேகப் பட்டியல். ஆறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருவரை அடிப்பாள், சில சமயம் அடித்தவரை மறுபடி சேர்ப்பாள். பெரியம்மாவிடம் போனில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள்.

"பெரியம்மா, ஒரே ஒரு க்ளூ."

"ஒண்ணும் கிடையாது. நாங்க காத்துக்கிட்டு இருந்தோம்ல?"

அடுத்த வியாழன் நான் ஊரில் இல்லை, ராத்திரி ரயில். சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். தனியாகப் பார்க்க மாட்டேன் என்று மகளிடம் வாக்கு வாங்கியாயிற்று. அந்த நோட்டையும் என் பையில் வைத்துவிட்டாள். ரயிலில் படித்துப் பார்த்து, அவள் கணிப்பு எங்கே இடிக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். முடிவைச் சொல்லாமல்.