அப்பாவின் பீரங்கிப் படைப்பிரிவைத் தேடியது

டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் அப்பாவின் பெயர் இல்லை. 2019 பிப்ரவரியில் திறந்த அந்த நினைவிடத்தின் கிரானைட் பலகைகளில் இருப்பதெல்லாம் உயிர்த்தியாகம் செய்தவர்களின் பெயர்கள். அப்பா 1971 போர் முடிந்து முழுசாகத் திரும்பி, பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனவர். இப்படிப்பட்டவர்களைப் பற்றி வீட்டார் எழுதிவைத்தால்தான் உண்டு. முதலாண்டு நினைவு நாளுக்குள் இரண்டு பக்கமாவது எழுதிவிட வேண்டுமென்று இறங்கினேன்.

முதலில் டிரங்குப் பெட்டி. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, பதக்கங்கள். பஸ்சிமி ஸ்டார் இருந்தது. கிழக்கே நின்றவர்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார். ஆக, அப்பா இருந்தது மேற்கு முனை. பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் ராணுவ எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். படைப்பிரிவு என்று பார்த்தால் வெறும் 'ஆர்ட்டி', அதாவது ஆர்ட்டிலரி, பீரங்கிப் படை. எந்த ரெஜிமெண்ட் என்று அதில் இல்லை.

டிஸ்சார்ஜ் புக்கில் இருந்த ரெஜிமெண்ட் அவர் ஓய்வுபெறும்போது இருந்தது. போரின்போது வேறொன்றில் இருந்திருக்கிறார். பீரங்கிப் படை ஜவான்களின் பணி ஆவணங்கள் நாசிக் ரோடு கேம்ப் ஆவண அலுவலகத்தில் இருக்கின்றன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டபோது, "பேரை விட நம்பர்தான் முக்கியம், அதை மேலே எழுதுங்க" என்றார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் சுருக்கமாகத்தான் வந்தது. எந்தத் தேதியில் எந்த ரெஜிமெண்ட் என்பது மட்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ரெஜிமெண்ட் தெரிந்த பிறகு, முன்னாள் படைவீரர் கூட்டங்களில் விசாரித்து அதே பேட்டரியில் (ரெஜிமெண்டுக்குள் சில பீரங்கிகள் கொண்ட பிரிவு) இருந்த ஒரு ஹவில்தாரைப் பிடித்தேன். போனை எடுத்ததும், "உங்கப்பன் மூணாம் நம்பர்ப்பா" என்றார். 25 பவுண்டர் பீரங்கிக்கு ஆறு பேர். ஒன்றாம் நம்பர் கட்டளை கொடுப்பார். குண்டை உள்ளே வைத்து இடித்துத் தள்ளிய பிறகு, வெடிமருந்து அடைத்த தோட்டா தனியாகப் போகும். மருந்துப் பைகள் சிவப்பு, வெள்ளை, நீலம். எத்தனை பை என்பதைப் பொறுத்துத் தூரம் மாறும். அதிகபட்சம் பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்றாம் நம்பர் இடது பக்கம் உட்கார்ந்து டயல் சைட் என்ற குறிபார்க்கும் கருவியில் குறி சரிபார்ப்பவர். அவர் பார்ப்பது எதிரியை அல்ல, பக்கத்தில் நட்டு வைத்த குறிக்கம்பை. குண்டு எங்கே விழுந்தது என்பதை முன்னால் இருக்கும் கண்காணிப்பு அதிகாரி வயர்லெஸ்ஸில் சொல்வார். "நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று சின்ன வயதில் அப்பாவை நச்சரிப்போம். "எனக்கு எப்படிடா தெரியும்" என்பார். மழுப்புகிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

இன்னொன்றும் சொல்வார்: டாக்காவில் சரணடைந்த பிறகும் நாங்கள் அடித்துக்கொண்டிருந்தோம் என்று. வயசானவர் தேதியைக் குழப்புகிறார் என்று மாமா சிரிப்பார். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது டிசம்பர் 16. மேற்கில் போர்நிறுத்தம் 17-ஆம் தேதி இரவு 8 மணிக்குத்தான். மேற்கு முனையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றைத் தாண்டிய நம் டாங்குகள் மீது எதிர்த்தாக்குதல்கள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அப்பாவின் பேட்டரி இருந்ததும் அந்தப் பக்கம்தான் என்று ஹவில்தார் உறுதியாகச் சொன்னார். மாமாவுக்கு அன்றைக்கே போன் போட்டுவிட்டேன்.

எழுதியதை ஹவில்தாருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை. "அவன் மட்டும் தனியா அடிச்ச மாதிரி இருக்கு, ஆறு பேர் பேரையும் போடு" என்றார். ஐந்து பெயர்களைத் தானே சொல்லிவிட்டார். குண்டு எடுத்துக் கொடுத்தவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்களாம், ஊர் தஞ்சாவூர்ப் பக்கமாம். சரி என்று 'மாஸ்டர், தஞ்சாவூர்ப் பக்கம்' என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.