பிறகு, பிறகு, பிறகு

மொரிஷியசில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தைப்பூசம் முடிந்த கையோடு மேஜைக்கு என்ன வரும் என்று தெரியும்: காவடிக் கட்டுரை. விஷயத்துக்குப் பஞ்சமே இருக்காது. பத்து நாள் விரதம், காத்ர் போர்ன் மலைக்கோயில், செம்பில் இருக்கும் பால் கெடாமல் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை, கடைசியில் வாழையிலையில் ஏழு கறி. எல்லாம் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாது, அவ்வளவுதான்.

"காலையில் குளித்தோம். பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம். பிறகு அண்ணனுக்கு அலகு குத்தினார்கள். பிறகு நடந்தோம். பிறகு வெயில் ஏறியது."

இந்தப் 'பிறகு' எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் இல்லை. வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழி. அதில் கதை சொல்லும்போது மூச்சுக்கு மூச்சு 'அப்ரே', அதாவது 'பிறகு', விழும். பேச்சில் அது உறுத்தாது. குரலும் கையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தாளில் அந்த வசதி கிடையாது.

பெரிய வகுப்புக்கு வந்தால் வேறு வியாதி. பிரெஞ்சுக் கட்டுரைக்கு இணைப்புச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். தமிழுக்கும் அப்படி ஒன்று கேட்கிறார்கள். மேலும், எனவே, இருப்பினும், அதுமட்டுமன்றி. விளைவு: "மேலும் வெயில் அடித்தது. எனவே ஏழு கறி சாப்பிட்டோம்." வெயிலுக்கும் ஏழு கறிக்கும் என்ன சம்பந்தம்? 'எனவே' என்றால் முன்னால் ஒரு காரணம் உட்கார்ந்திருக்க வேண்டும். 'மேலும்' பெரும்பாலும் அடித்துவிடலாம், யாரும் தேட மாட்டார்கள்.

தமிழில் ஒட்டு, வாக்கியத்தின் தலையில் இருப்பதைவிட வினையின் வாலில் இருப்பதுதான் அதிகம். "குளித்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனோம். அண்ணனுக்கு அலகு குத்தி முடித்ததும் நடக்கத் தொடங்கினோம். வெயில் ஏறியும் யாரும் நிற்கவில்லை." 'பிறகு' ஒன்றுகூட இல்லை. அதிலும் அந்த 'ஏறியும்' வெறும் வரிசையைச் சொல்லவில்லை, நடந்தவர்களின் பிடிவாதத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இடைச்சொல் தனியாக நடக்காது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும் என்பது தொல்காப்பியக் கணக்கு. 'உம்' ஒன்றுக்கே எட்டுப் பொருள் சொல்கிறது. பரீட்சையில் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள், எனக்குத்தான் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. அதற்காக எல்லா வினையையும் எச்சமாக்கி, முற்றுப்புள்ளியே இல்லாமல் இழுக்கவும் கூடாது. விழா அழைப்பிதழ் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வகுப்பில் நான் பட்டியல் தருவதில்லை. இணைப்புச் சொற்களையெல்லாம் அடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டச் சொல்வேன். கேட்பவர் "ஏன்?" என்று நிறுத்தினால் அங்கே காரணம் வேண்டும், அதைச் சொல்ல ஓர் 'அதனால்' வேண்டும். "அது எப்படி?" என்று புருவத்தைத் தூக்கினால் 'ஆனால்'. சும்மா கேட்டுக்கொண்டிருந்தால், விட்டுவிடலாம்.

ஒரு மாணவியின் கட்டுரையில் இப்படி இருந்தது: "அண்ணன் காவடி எடுத்தான். ஆனாலும் அப்பா வந்தார்." அண்ணன் காவடி எடுத்தால் அப்பா வரத்தானே செய்வார், இந்த 'ஆனாலும்' எதற்கு என்று கேட்டேன். சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே வெகுநாள் ஆகிறது மிஸ் என்று கிரியோலில் சொன்னாள். அதை எழுதவில்லையே என்றேன். அது வீட்டு விஷயம் என்றாள். சரி, ஒன்று அந்த வாக்கியத்தை எழுது, இல்லாவிட்டால் 'ஆனாலும்' வேண்டாம் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்தாள். 'ஆனாலும்' அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் புதிதாக நாலு வரி சேர்ந்திருந்தது.