அசீரியர்களின் மலிவு விலை முத்திரைகள்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அசீரியா (இன்றைய வட ஈராக்கில் இருந்த பழைய பேரரசு) பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தரைத்தளத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கொர்சாபாத்தின் சிறகுக் காளைகள், நினிவே அரண்மனையின் சிங்க வேட்டைச் சிற்பங்கள் என்று இருக்கும்போது கால் நகராதுதான். ஆனாலும் கொஞ்சம் நேரம் மிச்சம் பிடித்து, மாடியில் 55-ஆம் அறைக்குப் போங்கள். அசீரியாவும் அடங்கிய மெசபொடேமியாவின் சின்னப் பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன.

நான் தேடிப் போனது உருளை முத்திரைகளை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம், சுற்றிலும் செதுக்கிய காட்சி, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு துளை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். ஈரக் களிமண்ணில் உருட்டினால் அந்தக் காட்சி பதியும்; கையெழுத்துப் போட்ட மாதிரி. ஒப்பந்தப் பலகை, ஜாடி மூடி, பண்டகசாலைக் கதவு எல்லாவற்றுக்கும் இதுதான் காவல்.

வசதியானவர்கள் கார்னீலியன் மாதிரி கெட்டியான கல்லில் நுணுக்கமாகச் செதுக்கி வாங்கினார்கள். எனக்குப் பிடித்தவை பக்கத்தில் மங்கிக் கிடக்கும் ஃபயான்ஸ் முத்திரைகள். பார்த்தால் மண்பாண்டம் போல இருக்கும்; ஆனால் அடிப்படைப் பொருள் களிமண் இல்லை. குவார்ட்ஸை மாவாகப் பொடித்து, சுண்ணாம்பும் கார உப்பும் சேர்த்துப் பிசைந்து, உருவம் கொடுத்துச் சூளையில் சுடுவார்கள். செம்பு கலந்தால் மேலே நீலமோ பச்சையோ கண்ணாடி போலப் படியும். ஆப்கானிஸ்தானிலிருந்து வரவேண்டிய லாபிஸ் என்ற நீலக் கல்லின் நிறம், சொந்த ஊர்ச் சூளையிலேயே கிடைத்துவிடும்.

இன்று அந்த நீலம் பல முத்திரைகளில் போய்விட்டது. உள்ளே இருக்கும் வெளிறிய, சொரசொரப்பான உடம்புதான் தெரிகிறது. சரி, குனிந்து பாருங்கள். வில்லை இழுத்துப் பிடித்த ஒருவன். எதிரே தலைதூக்கி நிற்கும் கொம்புப் பாம்பு. மேலே பிறை, நட்சத்திரம். கிமு 9, 8-ஆம் நூற்றாண்டு அசீரிய ஃபயான்ஸ் முத்திரைகளில் இந்தக் காட்சி அடிக்கடி வரும். எல்லாம் நேர்க்கோடுகள்: அங்கியின் குஞ்சம் நாலைந்து கீறல், தாடி ஒரு வெட்டு. இதைக் கத்துக்குட்டி வேலை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறையப் பேருக்கு, வேகமாக, கட்டுப்படியாகும் விலையில் செய்யவேண்டிய பொருள். அவ்வளவு சில கோடுகளிலேயே நாண் விறைப்பாக இருப்பது தெரிகிறதே!

முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உருட்டிய அச்சு வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். உருளையில் ஒரே பார்வையில் பாதிக் காட்சிதான் கிடைக்கும், அதுவும் இடம் வலம் மாறி. அச்சில்தான் வில்லாளியும் பாம்பும் நேருக்கு நேர் வருகிறார்கள்.