எந்தச் சபை என்று கேட்காத திருப்பலி

நான் போகும் கத்தோலிக்கச் சமூகத்தில், திருப்பலியின்போது நற்கருணையை, அதாவது அர்ச்சித்த அப்பத்தையும் இரசத்தையும், வழங்கத் தொடங்குமுன் குரு ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்வார்: "இது ஆண்டவருடைய பந்தி. திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் வாருங்கள்." எந்தச் சபை, உறுதிபூசுதல் ஆயிற்றா, மணமுறிவு பெற்றவரா, யாரோடு வாழ்கிறவர் என்ற கேள்விகள் கிடையாது. இந்த அழைப்புக்காகத்தான் நான் அங்கே சேர்ந்தேன்.

என் கணவர் லூத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். நான் உரோமைக் கத்தோலிக்கத் திருச்சபையில் வளர்ந்தவள். அவர் பெற்ற ஞானஸ்நானத்தை என் திருச்சபை ஏற்றுக்கொண்டது; எங்கள் திருமணத்தை அருளடையாளம் என்றே சொன்னது. ஆனால் நற்கருணை வேளையில் நான் வரிசையில் போவேன், அவர் இருக்கையிலேயே இருப்பார். அவருடைய ஆலயத்தில் திருவிருந்து என்றால் நான் உட்கார்ந்திருப்பேன். ஒரே திருமுழுக்கு, ஒரே மணவாழ்வு, இரண்டு பந்தி. அந்த வலி எனக்குப் பழகிப்போகவே இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றி 1964-ல் வெளியிட்ட ஏட்டின் 8-ஆம் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். சபைகள் சேர்ந்து வழிபடுவதை அது இரண்டு பக்கமிருந்து பார்க்கிறது. வழிபாடு திருச்சபையின் ஒற்றுமைக்குச் சான்று என்பதால், பிரிந்திருப்பவர்கள் சேர்ந்து வழிபடுவது பெரும்பாலும் கூடாது. வழிபாட்டில் அருள் கிடைக்கிறது என்பதால், சில வேளைகளில் அது நல்லது. இரண்டும் ஒரே பத்தியில்! உரோமை முதலாவதை அழுத்திப் பிடித்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 844-ஆம் விதி, சாவு ஆபத்து அல்லது கடும் தேவை இருந்தால் மட்டுமே, அதுவும் நிபந்தனைகளோடு, சீர்திருத்தச் சபையினருக்கு நற்கருணையை அனுமதிக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிளவு இருக்கும்போது இல்லாததுபோல் நடந்துகொள்ளக் கூடாது என்பதில் நேர்மை இருக்கிறது. ஆனாலும் அருள் மிகுதியாகத் தேவைப்படுவது பிரிந்து கிடக்கும்போதுதானே? ஒற்றுமை வந்த பிறகு சேர்ந்து உண்போம் என்று நூற்றாண்டுகளாகக் காத்திருக்கிறோம். சேர்ந்து உண்டால் ஒற்றுமை வரும் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் சமூகம் உரோமையின் ஆளுகைக்கு உட்பட்டது அல்ல. புதிதாக வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஏழு அருளடையாளங்கள், திருத்தூதர் வழிவந்த ஆயர் பணி, நிசேயா நம்பிக்கை அறிக்கை எல்லாம் உண்டு. பழைய கத்தோலிக்கர்கள்தான் எங்களுக்கு முன்னோடிகள். விசுவாசம், ஒழுக்கம் பற்றித் திருத்தந்தை அதிகாரபூர்வமாக அறுதியிட்டு அறிவிப்பதில் தவறு நேராது என்னும் தவறா வரத்தை 1870-ல் முதலாம் வத்திக்கான் சங்கம் கோட்பாடாக அறிவித்தபோது அதை ஏற்க முடியாதவர்கள், ஏற்கெனவே உரோமையிடமிருந்து பிரிந்திருந்த, நெதர்லாந்தின் உத்ரெக்ட் திருச்சபையோடு 1889-ல் ஒன்றியமாகச் சேர்ந்தார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையோடு 1931-ல் பான் நகரில் அவர்கள் செய்த உடன்பாட்டில் மூன்றே கூறுகள். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: மற்றவருடைய எல்லாக் கோட்பாட்டுக் கருத்துகளையும், பக்தி முறைகளையும், வழிபாட்டு வழக்கங்களையும் ஏற்க வேண்டியதில்லை, கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகள் அனைத்தும் அவரிடம் உண்டு என்று ஒவ்வொருவரும் நம்பினால் போதும். என் வீட்டில் நடப்பதும் இதுதான். நான் செபமாலை சொல்வேன். அவர் சொல்ல மாட்டார். அதனால் எங்களில் யாருக்கும் விசுவாசம் குறைந்துவிடவில்லை.

எங்கள் திருப்பலியில் அப்பம் மட்டுமல்ல, திராட்சை இரசக் கிண்ணமும் எல்லாருக்கும் உண்டு. 1415-ல் கான்ஸ்டன்ஸ் சங்கம் பொதுநிலையினருக்கு மறுத்த கிண்ணம் அது. மது அருந்தக் கூடாதவர்களுக்குப் பக்கத்திலேயே திராட்சைச் சாறு இருக்கும். நம்பிக்கை அறிக்கையில் தூய ஆவியாரை "தந்தையிடமிருந்து புறப்படுகிறவர்" என்று மட்டும் அறிக்கையிடுகிறோம்; மேற்குத் திருச்சபை பிற்காலத்தில் சேர்த்த, ஆர்த்தடாக்ஸ் சபையினர் ஏற்காத "மகனிடமிருந்தும்" என்ற சொல்லைச் சேர்ப்பதில்லை. 381-ல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அறிக்கையிட்டது அப்படித்தான். எங்களோடு இருக்கும் ஆர்த்தடாக்ஸ் சகோதரர் எந்த உறுத்தலும் இல்லாமல் சேர்ந்து சொல்கிறார். பெந்தகோஸ்தே சபையிலிருந்து வந்த அக்கா நற்கருணை மன்றாட்டு முழுவதும் கைகளை உயர்த்தியபடியே நிற்பார். எங்கள் குரு ஒரு பெண். ஜெர்மனியின் பழைய கத்தோலிக்கர்கள் 1996-லேயே பெண்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்தியவர்கள்.

"அப்படியானால் யார் எதை நம்பினாலும் சரியா?" என்று என் அண்ணன் கவலையோடு கேட்டார். இல்லை அண்ணா. திருமுழுக்கை நாங்கள் இரண்டாவது முறை கொடுப்பதே இல்லை. எந்தச் சபையில் பெற்றிருந்தாலும், தண்ணீரால் மூவொரு கடவுளின் பெயரில் பெற்றிருந்தால் அது முழுமையானது. அதைப் பெறாதவர்கள் கேட்டால் உட்காரவைத்துப் பொறுமையாகக் கற்பிக்கிறோம், அவசரப்படுத்துவதில்லை. மீட்பு அருளால்தான், விசுவாசத்தால்தான் என்று 1999-ல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் உரோமையும் சேர்ந்தே கையெழுத்திட்டிருக்கின்றனவே!

தங்கள் திருச்சபையின் ஒழுங்கை மீற விரும்பாமல் நற்கருணை வாங்காதவர்களும் வருகிறார்கள், பெரும்பாலும் உரோமைக் கத்தோலிக்க நண்பர்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து வரிசையில் வந்தால் குரு தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார். அவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. வாங்கச் சொல்லி வற்புறுத்துவதும் இல்லை. நீங்கள் அப்படிப்பட்டவரானாலும் தயங்காமல் வாருங்கள்.